ஒரு மார்க்கத் தீர்ப்பில் இஜ்திஹாத் எங்கே இருக்கிறது என்று கண்டறிவது எப்படி?

ஒரே கேள்விக்கு இரண்டு ஆலிம்கள் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள்) இரண்டு விதமாகப் பதில் சொன்னால், கேட்டவர் பெரும்பாலும் இரண்டு அவசர முடிவுகளில் ஒன்றுக்கு வந்துவிடுகிறார். இருவரில் ஒருவருக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைக்கிறார். அல்லது மார்க்கத்தில் யாரும் எதையும் சொல்லிக்கொள்ளலாம் போலிருக்கிறது என்று சலித்துக்கொள்கிறார். இமாம் ஷாஃபிஈ (இறப்பு ஹிஜ்ரி 204, கி.பி. 820) அர்ரிஸாலா என்ற தம் நூலில், தொழுகையில் நோக்க வேண்டிய திசையான கிப்லாவை எடுத்துக்காட்டாகச் சொல்லி இந்த வேறுபாட்டை விளக்குகிறார். கஅபாவைக் கண்ணெதிரே காண்பவர் அதை நோக்கியே நிற்க வேண்டும், அதில் அவருக்குத் தேடல் இல்லை. தொலைவில் இருப்பவரோ நட்சத்திரம், சூரியன், மலை, காற்று என்று கிடைத்த அடையாளங்களைக் கொண்டு திசையைத் தேட வேண்டும். அப்படித் தேடிய இருவருக்கு இரு வேறு திசைகள் சரியெனப் பட்டால், ஒவ்வொருவரும் தமக்குப் புலப்பட்ட திசையில் தொழுவார். தேடாமலே ஒரு பக்கம் திரும்பி நின்றுகொள்வதற்குத்தான் அனுமதி இல்லை. அடையாளங்களை வைத்துத் தேடும் அந்த உழைப்பின் பெயர்தான் இஜ்திஹாத்.

இந்த வழிகாட்டி யாரையும் முஜ்தஹித் (இஜ்திஹாத் செய்யும் தகுதி பெற்ற அறிஞர்) ஆக்குவதற்காக எழுதப்பட்டதன்று. அதற்கு அரபு மொழிப் புலமை, சட்டம் சார்ந்த குர்ஆன் வசனங்கள், ஹதீஸ்கள் (நபிமொழிகள்), இஜ்மா (அறிஞர்களின் ஒருமித்த முடிவு) ஆன விஷயங்கள், முன்னவர்களின் கருத்து வேறுபாடுகள், உஸூலுல் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டத்தை வகுக்கும் நெறிமுறைகள்) ஆகியவை வேண்டும். இமாம் கஸ்ஸாலி (இறப்பு ஹிஜ்ரி 505, கி.பி. 1111) சட்ட வசனங்களை ஏறத்தாழ 500 என்று கணக்கிட்டார், அவற்றை மனனம் செய்திருக்க வேண்டியதில்லை, தேவைப்படும்போது எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் போதும் என்றும் சொன்னார். எல்லாத் துறைகளிலும் தேர்ந்திராத ஒருவர், தாம் ஆழ்ந்து கற்ற ஒரு துறையில் மட்டும் இஜ்திஹாத் செய்யலாம் என்பதும் அவர் கருத்து. நமக்கு வேண்டியது இதைவிட எளிய திறன்: ஒரு ஃபத்வாவை (மார்க்கத் தீர்ப்பை) கையில் எடுத்தால், அதில் எது நேரடியாக இறைவசனமும் நபிமொழியும் சொன்னது, எது அறிஞர் உழைத்துக் கண்டது என்று பிரித்துப் பார்க்கும் திறன்.

கேள்வியை முழுதாக எழுதிக்கொள்வது

ஒன்றைப் பற்றிய தீர்ப்பு, அதைப் பற்றிய தெளிவிலிருந்தே கிளைக்கிறது என்பது ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அறிஞர்களின் பழைய விதி. "நோன்பில் ஊசி போடலாமா?" என்று கேட்டால் அந்தக் கேள்வியே அரைகுறையானது. எந்த ஊசி, எதற்காக, உடலுக்குள் போவது மருந்தா உணவா என்பதெல்லாம் தெரியாமல் பதில் சொல்ல முடியாது. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகம், தோலுக்கடியிலும் தசையிலும் இரத்தக் குழாயிலும் போடப்படும் மருந்து ஊசிகள் நோன்பை முறிக்காது என்று முடிவு செய்தபோது, ஊட்டச்சத்துத் திரவங்களை மட்டும் அதிலிருந்து விலக்கிவைத்தது. ஆகவே சர்க்கரை நோயாளி போட்டுக்கொள்ளும் இன்சுலினுக்கு ஒரு பதிலும், மருத்துவமனையில் உணவுக்குப் பதிலாக ஏற்றும் குளுக்கோஸுக்கு வேறொரு பதிலும் வரும். ஃபத்வா வழங்கும் முஃப்தியிடம் போகும் முன்பு கேள்வியை ஒரு தாளில் முழு விவரத்தோடு எழுதிப் பாருங்கள். பல சமயம் இரண்டு ஆலிம்களுக்கிடையில் இருப்பதாக நாம் நினைக்கும் முரண்பாடு, நாம் அவர்களிடம் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்டதால் வந்ததாகவே இருக்கும்.

எந்தச் சொல்லில் கதவு திறக்கிறது என்று பார்ப்பது

"தெளிவான மூலவாசகம் உள்ள இடத்தில் இஜ்திஹாதுக்கு இடமில்லை." உஸ்மானியப் பேரரசு 1869க்கும் 1876க்கும் இடையில் தொகுத்த மஜல்லா சட்டத்தொகுப்பின் 14ஆம் பிரிவு இந்தப் பழைய விதியைத்தான் சொல்கிறது. ஆனால் தெளிவு என்பது இரண்டு பக்கம் உள்ளது. வாசகம் நம்மிடம் வந்து சேர்ந்த வழி உறுதியானதா என்பது ஒன்று. அதன் பொருள் ஒன்றே ஒன்றுதானா என்பது மற்றொன்று. குர்ஆன் முழுவதும் முதல் வகையில் உறுதியானது. இரண்டாம் வகையில் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

தலாக் சொல்லப்பட்ட பெண் மூன்று "குரூஉ" காத்திருக்க வேண்டும் என்கிறது குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 228ஆம் வசனம். அரபியில் அந்தச் சொல் மாதவிடாயையும் குறிக்கும், இரு மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட தூய்மைக் காலத்தையும் குறிக்கும். நான்கு மத்ஹப்களில் (சட்டப் பள்ளிகளில்) ஹனஃபிகளும் ஹன்பலிகளும் மாதவிடாய் என்று பொருள் கொண்டார்கள். மாலிகிகளும் ஷாஃபிஈகளும் தூய்மைக் காலம் என்று கொண்டார்கள். அதனால் இத்தா (அந்தக் காத்திருப்புக் காலம்) முடியும் நாள் சற்று மாறுகிறது. ஆனால் "மூன்று" என்ற எண்ணுக்கு ஒரே பொருள்தான் உண்டு, ஆகவே அந்தச் சொல்லுக்கு இரண்டு என்று எந்த மத்ஹபிலும் யாரும் பொருள் கொண்டதில்லை. ஒரே வசனத்தில் ஒரு சொல் மூடிய கதவாகவும் அடுத்த சொல் திறந்த கதவாகவும் இருக்கிறது. ஃபத்வாவில் மேற்கோள் காட்டப்படும் வசனத்தையோ ஹதீஸையோ இப்படிச் சொல் சொல்லாகப் படித்து, எந்தச் சொல்லின் மீது தீர்ப்பு நிற்கிறது என்று அடிக்கோடிட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

உரித்துப் பார்ப்பது

மூலவாசகங்கள் பல ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு, ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த நிகழ்ச்சியையொட்டி வந்தவை. அந்த நிகழ்ச்சியின் எந்த அம்சத்தோடு சட்டம் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்தெடுப்பதை அறிஞர்கள் "தன்கீஹுல் மனாத்" என்பார்கள். "மனாத்" என்றால் சட்டம் தொங்கும் கொக்கி என்று வைத்துக்கொள்ளலாம். தன்கீஹ் என்பது அந்தக் கொக்கியைச் சுற்றியுள்ள வேண்டாதவற்றை உரித்தெடுப்பது.

ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, "நான் அழிந்தேன், ரமளானில் நோன்போடு மனைவியுடன் கூடிவிட்டேன்" என்றார். ஓர் அடிமையை விடுதலை செய்யவும், இயலாவிட்டால் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்கவும், அதுவும் இயலாவிட்டால் 60 ஏழைகளுக்கு உணவளிக்கவும் அவருக்குச் சொல்லப்பட்டது. இந்த நிகழ்ச்சியை உரித்துப் பாருங்கள். அவர் எந்த ஊர்க்காரர் என்பது சட்டத்தோடு தொடர்பற்றது. அது எந்த ஆண்டின் ரமளான் என்பதும் தொடர்பற்றது. இதுவரை யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அடுத்த தோலில்தான் பிரிவு வருகிறது. தாம்பத்தியம் என்ற அம்சத்தை வைத்துக்கொள்வதா, அதையும் உரித்து "வேண்டுமென்றே நோன்பின் புனிதத்தைக் குலைத்தல்" என்பதுவரை போவதா? ஷாஃபிஈகளும் ஹன்பலிகளும் முதல் இடத்தில் நின்றுவிட்டார்கள். அவர்களிடம் வேண்டுமென்றே சாப்பிட்டவருக்குப் பாவமும் களாவும் (அந்த நோன்பைப் பின்னர் நோற்பதும்) உண்டு, இந்தப் பெரிய பரிகாரம் இல்லை. ஹனஃபிகளும் மாலிகிகளும் இன்னும் ஒரு தோலை உரித்தார்கள். அவர்களிடம் வேண்டுமென்றே சாப்பிட்டவருக்கும் அதே பரிகாரம் உண்டு. இருவர் கையிலும் இருப்பது ஒரே ஹதீஸ்தான். "ஹதீஸ் இருக்கும்போது ஏன் கருத்து வேறுபாடு?" என்று கேட்பவர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், அந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்பார்கள்.

இல்லத் என்ற காரணத்தைத் தேடுவது

மூலவாசகம் சொன்னதோடு ஒப்பிட்டு, அது சொல்லாத ஒன்றுக்குச் சட்டம் காண்பது கியாஸ். அதன் உயிர்நாடி இல்லத், அதாவது சட்டம் எந்தக் காரணத்தின் மீது நிற்கிறதோ அந்தக் காரணம். மூலவாசகம் காரணத்தைச் சொல்லாமல் விடும்போது அதைத் தேடி எடுப்பது தக்ரீஜ் எனப்படும். இஜ்திஹாதில் மிகுந்த உழைப்பும் மிகுந்த வேறுபாடும் இங்கேதான் இருக்கின்றன. இதைப் பொறுமையாக ஒருமுறை பழகிவிட்டால் மற்ற ஃபத்வாக்கள் எளிதாகப் பிடிபடும்.

உபாதா பின் ஸாமித் (ரலி) அறிவித்து முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவான ஹதீஸ் ஆறு பொருள்களைச் சொல்கிறது: தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு. இவற்றில் ஒன்றை அதே இனத்துக்கு மாற்றினால் சம அளவாகவும் கைக்குக் கையாகவும் மாற்ற வேண்டும். இனம் வேறுபட்டால், கைக்குக் கை என்ற நிபந்தனையோடு விரும்பிய அளவில் விற்கலாம். பட்டியலில் அரிசி இல்லை. ஒருவர் 12 கிலோ புது அரிசியைக் கொடுத்து 10 கிலோ பழைய அரிசியை வாங்கினால் அது ரிபா (வட்டி) ஆகுமா?

ஆறு பொருள்களையும் வரிசையாக எழுதி, அவற்றுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். ஹனஃபிகள் "சம அளவு" என்ற நிபந்தனையின் மீது கண் வைத்தார்கள். சமம் என்பதை அளந்தோ எடை போட்டோதான் அறிய முடியும். ஆகவே ஒரே இனமாக இருந்து, முகத்தலளவையாலோ எடையாலோ விற்கப்படுவதே இல்லத் என்றார்கள். ஷாஃபிஈகள் "உணவுக்கு உணவு, சமத்துக்குச் சமம்" என்று வந்துள்ள வேறொரு ஹதீஸைக் கையில் எடுத்து, நான்கு பொருள்களில் உண்ணப்படுவது என்பதும், தங்கம் வெள்ளியில் விலைப்பொருளாக (விலையாகக் கொடுக்கும் பணமாக) இருப்பது என்பதும் இல்லத் என்றார்கள். மாலிகிகள் நான்கையும் கூர்ந்து நோக்கி, வயிற்றுக்கு ஆதாரமாகவும் சேமித்துவைக்கத் தக்கதாகவும் இருக்கும் உணவு என்று சுருக்கினார்கள். கியாஸையே ஏற்காத இப்னு ஹஸ்ம் (இறப்பு ஹிஜ்ரி 456) ஆறோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்து, கண்ட இல்லத்தைப் பட்டியலுக்கு வெளியே உள்ள பொருள்களின் மீது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓர் இல்லத்தின் உண்மை முகம் அதன் விளிம்பில்தான் தெரியும். அரிசி அளக்கவும்படுகிறது, உண்ணவும்படுகிறது, சேமிக்கவும்படுகிறது. ஆகவே நான்கு மத்ஹப்களிலும் அந்த 12க்கு 10 மாற்று கூடாது. முட்டை எண்ணி விற்கப்படும் பொருள் என்பதால், கைக்குக் கை ஒரு முட்டைக்கு இரண்டு முட்டை மாற்றுவதை ஹனஃபி நூல்கள் அனுமதிக்கின்றன. அது உணவு என்பதால் ஷாஃபிஈகள் அனுமதிப்பதில்லை. சுண்ணாம்பிலும் இரும்பிலும் நிலைமை அப்படியே தலைகீழாகிறது: அளக்கவும் எடை போடவும் படுவதால் ஹனஃபிகளிடம் ரிபாவுக்குள் வரும், உணவுமில்லை, தங்கம் வெள்ளியுமில்லை என்பதால் ஷாஃபிஈகளிடம் வராது. பொதுவாக இந்த மத்ஹப் கடினமானது, அந்த மத்ஹப் இலகுவானது என்று பேசுவது எவ்வளவு பிழை என்பதற்கு முட்டையும் சுண்ணாம்பும் போதும்.

அரிசிக்காரருக்கு வழியும் நபிமொழியிலேயே இருக்கிறது. கைபரிலிருந்து தரமான பேரீச்சம்பழத்தை, தாழ்ந்த பழத்தைக் கூடுதலாகக் கொடுத்து மாற்றி வந்தவரிடம், தாழ்ந்ததைக் காசுக்கு விற்று அந்தக் காசில் உயர்ந்ததை வாங்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்.

இனி இன்னும் ஒரு படி. நம் சட்டைப்பையில் உள்ள ரூபாய் நோட்டை எடுத்து மேற்சொன்ன இல்லத்துகளின் மீது வைத்துப் பாருங்கள். அதை யாரும் எடை போட்டுக் கொடுப்பதில்லை. பழைய ஷாஃபிஈ நூல்கள் விலைப்பொருள் என்ற இல்லத்தைத் தங்கம் வெள்ளியோடு நிறுத்திக்கொண்டன. இரண்டையும் எழுத்துப்படியே எடுத்தால், நோட்டுக்கு நோட்டு மாற்றுவது இந்த ஹதீஸின் வட்டத்துக்கே வெளியே போய்விடும். (கடன் கொடுத்து அதன் மேல் வாங்கும் வட்டி இங்கே பேசப்படவில்லை. அது குர்ஆனால் நேரடியாகத் தடுக்கப்பட்டது.) மக்கள் தோலை நாணயமாக அச்சிட்டு ஏற்றுக்கொண்டால்கூட, அதைத் தங்கம் வெள்ளிக்குத் தவணையில் விற்பதை வெறுப்பேன் என்று இமாம் மாலிக் சொன்னதாக அல்முதவ்வனா என்ற மாலிகி சட்ட நூலில் பதிவாகியுள்ளது, விலைப்பொருளாக இருப்பதுதான் கொக்கி என்ற பார்வையின் விதை அதில் இருக்கிறது. 1986இல் அம்மானில் கூடிய மேற்படி ஃபிக்ஹ் கழகம், காகிதப் பணம் முழுமையான விலைத்தன்மை கொண்ட தனி நாணயம் என்றும், ரிபா, ஜகாத் (கட்டாய தர்மம்) உள்ளிட்ட சட்டங்கள் தங்கம் வெள்ளிக்குப் போலவே அதற்கும் பொருந்தும் என்றும் தீர்மானித்தது. இன்று நாம் ரூபாய்க்கு ஜகாத் கணக்குப் பார்க்கிறோம் என்றால், அதற்குப் பின்னால் அண்மைக்கால இஜ்திஹாத் ஒன்று நிற்கிறது. தக்லீதில் (முன்னவர்களின் தீர்ப்பை அப்படியே பின்பற்றுவதில்) மிக உறுதியானவர்கூட இதைப் பின்பற்றுகிறார். இஜ்திஹாதின் கதவு மூடப்பட்டதா என்ற விவாதத்தில் ஏனோ இந்த நோட்டு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

நடப்பில் பொருத்துவது

சட்டமும் காரணமும் தெளிவான பிறகும், அது இந்த மனிதர் மீது இன்று பொருந்துகிறதா என்று பார்க்கும் வேலை மிஞ்சுகிறது. இதற்கு தஹ்கீகுல் மனாத் என்று பெயர். மற்ற வகை இஜ்திஹாத் ஒரு காலத்தில் நின்றுபோனாலும் இது உலகம் உள்ளவரை நிற்காது என்றார் அந்தலூசியாவின் இமாம் ஷாத்திபி (இறப்பு ஹிஜ்ரி 790). சாட்சி நேர்மையானவரா, மனைவிக்கு ஜீவனாம்சம் எவ்வளவு என்று தீர்மானிக்கும் ஒவ்வொரு காழியும் (நீதிபதியும்) இதைச் செய்தே ஆக வேண்டும்.

நடப்பின் அழுத்தம் சில சமயம் ஓர் அறிஞரைத் தம் மத்ஹபின் தீர்ப்பை விட்டு இன்னொரு மத்ஹபின் தீர்ப்பை எடுக்கவும் வைக்கும். காணாமல் போன கணவனின் மனைவி, அவன் வயதொத்தவர்கள் இறந்துபோகும் காலம்வரை காத்திருக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் பழைய நிலை. சிலர் அதை அவன் பிறந்ததிலிருந்து 90 ஆண்டு என்று கணக்கிட்டார்கள். இமாம் மாலிக், இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை அடிப்படையாகக் கொண்டு, காழியிடம் முறையிட்டபின் நான்கு ஆண்டு, பிறகு நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்றார். பிரிட்டிஷ் இந்தியாவில், விடுபட வேறு வழியில்லாத பெண்கள் சிலர், மதம் மாறினால் நிக்காஹ் முறியும் என்ற தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு இஸ்லாத்தை விட்டே வெளியேறினார்கள். இதைக் கண்ட ஹனஃபி அறிஞர் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி, மதீனாவின் மாலிகி முஃப்திகளுக்கு எழுதிக் கேட்டு, 1930களின் தொடக்கத்தில் அல்ஹீலத்துன் நாஜிஸா என்ற நூலில் மாலிகி தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். இந்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்ததே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். நான்கு ஆண்டு கணவன் இருக்குமிடம் தெரியாமை அதில் முதல் காரணமாக இருக்கிறது. மதம் மாறுவதால் மட்டும் பெண்ணின் திருமணம் முறியாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. காயல்பட்டினத்து ஷாஃபிஈக்கும் வாணியம்பாடி ஹனஃபிக்கும் இன்றும் இந்தச் சட்டமே பொருந்துகிறது.

இப்படி மத்ஹப் மாறி எடுக்கப்பட்ட ஃபத்வாவைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானவி மாலிகி மத்ஹபின் "நான்கு ஆண்டு" என்ற சலுகையை மட்டும் கிள்ளி எடுக்கவில்லை. அந்த மத்ஹப் விதிக்கும் விசாரணை, காழி இல்லாத இடத்தில் நம்பகமான முஸ்லிம்கள் குழுவாகக் கூடித் தீர்ப்பளித்தல் போன்ற நிபந்தனைகளையும் சேர்த்தே எடுத்தார். ஒவ்வொரு மத்ஹபிலும் எளிதானதை மட்டும் பொறுக்கிக் கோத்த ஃபத்வா கையில் கிடைத்தால், அங்கே உழைப்பு நடந்ததா, வசதி தேடப்பட்டதா என்று சந்தேகப்படலாம்.

முடிவு மாறும்போது

நீதிபதி இஜ்திஹாத் செய்து சரியான முடிவை அடைந்தால் இரண்டு கூலி, தவறினால் ஒரு கூலி என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். அப்படியானால் தவறியது தெரிந்த பிறகு பழைய தீர்ப்பு என்ன ஆகும்?

உமர் (ரலி) அவர்களிடம் ஒரு வாரிசுரிமை வழக்கு வந்தது. இறந்த பெண்ணுக்குக் கணவன், தாய், தாய்வழி மட்டுமான சகோதரர்கள், தாயும் தந்தையும் ஒன்றான சகோதரர்கள் இருந்தார்கள். கணவனுக்கு 1/2, தாய்க்கு 1/6, தாய்வழிச் சகோதரர்களுக்கு 1/3 என்று கொடுத்ததும் சொத்து தீர்ந்துவிட்டது. மிச்சத்தை மட்டுமே வாங்கும் உரிமையுள்ள முழுச் சகோதரர்களுக்கு ஒன்றும் இல்லை என்று தீர்ப்பானது. பின்னர் அதே போன்ற இன்னொரு வழக்கு வந்தபோது முழுச் சகோதரர்கள் கேட்டார்கள்: "எங்கள் தந்தை ஒரு கழுதை என்றே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் தாய் ஒருத்தி இல்லையா?" தந்தை வழியாலும் நெருங்கியவர்கள் அந்த நெருக்கத்தாலேயே பங்கு இழக்கிறார்களே என்பதுதான் அவர்கள் வாதம். உமர் (ரலி) அதை ஏற்று, அந்த 1/3இல் அவர்களையும் சேர்த்தார்கள். மாலிகிகளும் ஷாஃபிஈகளும் இந்தப் பிந்திய தீர்ப்பை எடுத்துக்கொண்டார்கள். ஹனஃபிகளும் ஹன்பலிகளும் முந்தியதிலேயே நின்றார்கள், அலி (ரலி) அவர்களின் கருத்தும் அதுவே. ஃபிக்ஹ் நூல்களில் இந்த வழக்குக்கே "ஹிமாரிய்யா", கழுதை வழக்கு என்று பெயர் நிலைத்துவிட்டது.

முந்தைய ஆண்டு வேறு விதமாகத் தீர்ப்பளித்தீர்களே என்று கேட்டபோது, "அது நாம் அன்று தீர்ப்பளித்தபடி, இது நாம் இன்று தீர்ப்பளிக்கிறபடி" என்று உமர் (ரலி) சொன்னார்கள். முதல் வழக்கில் பங்கு வாங்கிப் போனவர்களை அவர்கள் திரும்ப அழைக்கவில்லை.